குப்பைப் பெட்டியில் ஒன்று

வாசலைக் கூட்டி முடித்த கையோடு மாயகிருஷ்ணன் விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய சவரப் பிரஷ்ஷால் சந்துசந்தாகத் தட்டுகிறார். மேசையில் விரித்த செய்தித்தாளில் கரிசல் தூசி மூக்குப்பொடிபோல உதிர்கிறது. மனைவி சுந்தரம்மாளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து வாசல் கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, குடிதண்ணீர் வரும் நாளில் டிரம் நிரப்புவது எல்லாம் அவர் வேலை. தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "வெளிக்குப்பை முடிஞ்சிட்டு. இனி உள்குப்பை" என்பார். கணினி விழித்துக்கொள்ள நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்பார். முப்பத்துநாலு வருடம் நின்றபடியே தபால் கட்டுப் பிரித்துப் பழகிய கால் அது. சட்டென்று உட்காராது.

கோவில்பட்டியில் அவர் தபால் கொடுத்த தெருக்களில் அவருக்குப் பெயரே 'தபால்கார அண்ணாச்சி'தான். முகவரி சரியில்லாத கடிதங்களை மற்றவர்கள் அவர் பக்கம் தள்ளிவிடுவார்களாம். 'மாடு செத்த வீடு, கயத்தாறு ரோடு' என்று மட்டும் எழுதி வந்த ஓர் உறையை மூன்று நாள் அலைந்து உரிய கையில் சேர்த்ததை, பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் போன வாரம் நடந்ததுபோலச் சொல்வார்.

"அந்த வருசம் எந்த வீட்ல தாயி மாடு சாகல? மழையே இல்லை. பதினோரு வீடு ஏறி இறங்குனேன். ஆள் இல்லைன்னு எழுதுததுக்கு ஒரு நிமிசம் போதும். ஆளைத் தேடணும்னாத்தான் காலு வேணும்."

இப்போது அவர் கொடுக்கிற தபால் 'ஏழு கிடை' என்ற வலைப்பூ. ஆட்டுக்கிடையோடு இந்தப் பக்கம் வந்து, கரிசலில் தங்கிவிட்ட ஏழு அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் இன்றைக்கு நானூற்றுச் சொச்சம் குடும்பம். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இன்னும் ஆடு மேய்ப்பவர்கள் உண்டு. திருப்பூரில் பனியன் தைப்பவர்கள் உண்டு. சவூதியில் ஒட்டகம் பார்ப்பவரும் உண்டு. இவர்கள் எல்லோருக்குமாகப் பதின்மூன்று வருடத்துக்கு முன் அவர் தொடங்கியது. கோயில் கொடைத் திருவிழாத் தேதி, கல்யாணம், பிள்ளை பிறப்பு, வம்சாவளிப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதன் உயிர் கேதம் சொல்வதில் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பிப் பங்காளிகள் வீடுதோறும் சொல்லிவிடுவது இங்குள்ள வழக்கம். சொல்லாமல் விட்டால் அந்த வீட்டை ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆள் போக முடியாத ஊர்களுக்கு வலைப்பூ போகிறது. வரமுடியாதவர்கள் கீழே பின்னூட்டத்தில் 'கேதம் கேட்டேன்' என்று பெயர் போட்டு எழுதிவிட்டால், வந்து கேட்ட கணக்குத்தான்.

வாட்ஸ்அப் வந்தபிறகு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "குரூப்பு மூணு தடவை உடைஞ்சிட்டு. அங்கன ஆளாளுக்கு அட்மின். இவன் அவனைத் தூக்குவான், அவன் இவனைத் தூக்குவான். இதுல நான் ஒருத்தன்தான் வாசல்ல உக்காந்திருக்கேன்."

அந்த வாசலில்தான் குப்பை வந்து விழ ஆரம்பித்தது. அவருடைய அக்கா இறந்த செய்தியின் கீழே, 'மிகப் பயனுள்ள கட்டுரை, தொடர்ந்து எழுதுங்கள், வழுக்கைக்கு எங்களிடம் மருந்து உண்டு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒருவன் எழுதியிருந்தான். அதற்கும் கீழே சீட்டாட்டம், கடன், மூட்டுவலித் தைலம். முதல் நாள் அவர் அதை மனிதர்கள் எழுதுவதாகவே நினைத்திருக்கிறார். "செத்த வீட்டுக்குள்ள வந்து சோப்பு விக்குதான் பாரு. இவனுக்கெல்லாம் தாய் தகப்பன் கிடையாதா?" என்றவரிடம், தம்பி மகன் செல்வகணேஷ், அது மனுசன் இல்லை, இயந்திரம் என்று விளக்கியிருக்கிறான். செல்வகணேஷ் மார்க்கெட் ரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். 'ஏழு கிடை'யின் கம்பிவேலை எல்லாம் அவனுடையது.

முதலில் கோணல்மாணலான எழுத்துகளைப் படித்து அடிக்கச் சொல்லும் பூட்டைப் போட்டார்கள். சவூதிப் பங்காளி போன் போட்டுச் சத்தம் போட்டார். "ஏண்ணே, கேதம் கேக்குததுக்குப் பரிச்சை வேற எழுதணுமாக்கும்? நான் அஞ்சாங்கிளாஸ்லயே பெயிலு." பூட்டு எடுக்கப்பட்டது. பிறகு, எது வந்தாலும் மாயகிருஷ்ணன் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே தெரியும் என்று ஏற்பாடு. அன்றிலிருந்து தினம் நூறு, இருநூறு. அவர் ஒன்றைக்கூடப் படிக்காமல் அழித்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்தாலும் விரலை வைத்துப் படித்துவிட்டுத்தான் அழிப்பார். படிக்காமல் ஒரு தபாலை எறிவது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போன ஆடியில் சுந்தரம்மாளுக்கு முகமும் காலும் வீங்கின. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாக மருத்துவர் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இடது கையில் அதற்காக அறுத்துத் தைத்த இடம், காதை வைத்தால் இரைகிறது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது, நாள் கடத்தாதீர்கள் என்றார்கள். மாயகிருஷ்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய் முதல் ஆளாகப் படுத்தார். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று எழுப்பி அனுப்பினார்கள். அவளுடைய அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது. தம்பி சரி என்றான். வீட்டுக்குப் போய்விட்டு வந்து இல்லை என்றான்.

கொடை வேலைகளை இந்த வருடம் வேறொருவர் பார்க்க வேண்டும் என்று சொல்ல, அவர் வலைப்பூவில் நான்கு வரி எழுதினார். 'மனைவிக்கு இரண்டு கிட்னியும் பழுதானதால்' என்று அதில் இருந்தது. மறுநாளே குப்பையின் நிறம் மாறிவிட்டது. கிட்னி விற்க விருப்பமா, கிட்னி வாங்க விருப்பமா, டாக்டர் இன்னாரை இந்த எண்ணில் அழைக்கவும். அவர் அதில் ஒரு எண்ணை அழைத்துவிட்டார். இது எனக்கு செல்வகணேஷ் சொல்லித்தான் தெரியும். எதிர்முனையில் பேசியவன் இந்தியில் ஏதோ கேட்டிருக்கிறான். இவர் தமிழில், "ஏ பாசிட்டிவ் ஐயா, பொம்பிளையாளுக்கு, சீக்கிரம் வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டானாம். அதன்பிறகு கிட்னிக் குப்பை நாளுக்கு முந்நூறு ஆனது.

"அந்த வார்த்தையே உள்ள வரக்கூடாதுலே" என்றார். கிட்னி, சிறுநீரகம், அவற்றின் ஆங்கிலம் எல்லாவற்றையும் செல்வகணேஷ் தடைப் பட்டியலில் ஏற்றினான். அந்தச் சொல் இருந்தால் நேரே குப்பைப் பெட்டி. அப்போதும் மற்றது குறையாததால், கடைசியாக ஒரு கேள்வி வைக்கலாம் என்றான். சரியான விடை எழுதினால்தான் பின்னூட்டம் உள்ளே வரும். இரண்டும் மூன்றும் எத்தனை என்று அவன் போடப்போக, மாயகிருஷ்ணன் தடுத்துவிட்டு, அவரே ஒரு கேள்வி எழுதினார்.

நம்ம சாமிக்கு ஆகாத கிடா எது?

ஏழு அண்ணன் தம்பிகளும் செம்மறி மேய்த்து வந்தவர்கள். வயிறு வளர்த்த ஆட்டைச் சாமிக்கு வெட்டுவதில்லை. கொடைக்கு வெள்ளாட்டுக் கிடாதான். ஏழு கிடைப் பிள்ளைக்கு நடக்கும் வயதிலேயே அது தெரிந்துவிடும். வெளியில் இருப்பவனுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. "பெரியப்பா, உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் கூடி உக்காந்தாலும் செம்மறின்னு சொல்லாது" என்று செல்வகணேஷ் கும்பிட்டான். அன்று மாலையோடு குப்பை நின்றது. மூன்று நாள் பெட்டி காலியாகவே கிடந்ததில் மாயகிருஷ்ணனுக்குக் கை ஓடவில்லை. காலையில் விசைப்பலகையை இரண்டு தடவை துடைத்தார்.

நான்காம் நாள் பெட்டியில் ஒன்று இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், தீபலட்சுமி. நர்ஸ் படிப்புப் படித்து ஓசூருக்கு வேலைக்குப் போனவள், நான்கு வருடத்துக்கு முன் கூட வேலைபார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "வேற ஆளுக" என்பதற்கு மேல் அந்தப் பையனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தகவல் வந்த அன்று மாயகிருஷ்ணன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு, ஈர வேட்டியோடு கணினிமுன் நின்று, வம்சாவளிப் பட்டியலில் தன் பெயருக்குக் கீழே 'மகள் தீபலட்சுமி' என்றிருந்ததை எடுத்தார். அந்த இடத்தில் 'வாரிசு இல்லை' என்று போட்டார். வீட்டிலிருந்த இரண்டு போன்களின் எண்ணையும் மாற்றினார்.

அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருக்க முடியுமா என்று நான் யோசித்ததுண்டு. அதற்கு ஐந்து வருடம் முன்னால் கிட்டு என்ற பங்காளியின் மகள் இதேபோல ஒரு கல்யாணம் செய்தாள். கிட்டு மகளைச் சேர்த்துக்கொண்டார். பங்காளிகள் கூடிப் பேசி, கிட்டு வீட்டோடு போக்குவரத்து இல்லை என்று முடிவெடுத்தார்கள். அதை 'ஏழு கிடை'யில் எழுதியவர் மாயகிருஷ்ணன். மறுவருடம் கிட்டுவின் தாயார் இறந்தபோது அந்தக் கேதம் வலைப்பூவில் வரவில்லை. பாடை தூக்கத் தோள் போதாமல், கிட்டு செங்கல் ஏற்ற வந்த லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டார். "அது என் கையால எழுதுனது" என்று மாயகிருஷ்ணன் ஒருமுறை சொன்னார். பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. தன் உயரத்தையோ எடையையோ சொல்வதுபோல இருந்தது.

குப்பைப் பெட்டியில் கிடந்தது தீபலட்சுமி எழுதியது. கேள்விக்கு 'செம்மறி' என்று சரியாக விடை எழுதி உள்ளே வந்து, அதற்கடுத்த காவலில் ஒரு சொல்லால் மாட்டிக்கொண்டிருந்தது.

'அப்பா, அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் போச்சுன்னு இதுல பார்த்தேன். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே ரத்தம். நான் தாரேன். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் எழுதுங்க. நேரே அங்க வந்துட்டுப் போயிருவேன். வீட்டுக்கு வர மாட்டேன்.'

அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அழிக்கவும் இல்லை. குப்பைப் பெட்டியில் கிடப்பது பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும். அழிந்தது. அடுத்த நாள் அவள் மறுபடி எழுதினாள். அதே சொற்கள், 'எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும்' என்பது கூடுதலாக இன்னொரு முறை. அதுவும் பதினைந்து நாள் கிடந்து அழிந்தது. மூன்றாவது வந்தபிறகுதான், ஏதோ பழுது பார்க்க உட்கார்ந்த செல்வகணேஷின் கண்ணில் பட்டது. அப்போது நான் சுந்தரம்மாளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆட்டோவோடு வாசலில் நின்றிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"இது என்ன பெரியப்பா?"

"பார்த்தா தெரியலையாலே. குப்பை."

"குப்பையா இருந்தா அழிச்சிருப்பீங்கள்லா."

"இதுல ஒண்ணையும் நான் என் கையால அழிக்கல."

"அழியுததைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அதுக்குப் பேரு என்ன? மெயில் ஐடி இருக்கு. ஒரு வரி நான் எழுதிப் போடட்டா?"

"போடு. உன் மாமனார்தான் இப்ப கோயிலுக்குப் பெரியவர். உனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். கிட்டுக்கு வந்த லாரிக்காரனுவ நம்பரு வேணும்னா நான் தாரேன், எழுதி வச்சிக்க."

செல்வகணேஷ் எழுதவில்லை. ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த பெரியம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் பைக்கை உதைத்தான். சுந்தரம்மாளுக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் நான்கு மணி நேரம் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பய மூஞ்சி ஏன் அப்படி இருந்துச்சு?"

தெரியாது என்றேன்.

மாயகிருஷ்ணன் மனைவியைப் பார்த்துக்கொள்வதில் குறை சொல்ல யாராலும் முடியாது. அவளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளவு உண்டு. அவளுக்காக அவரும் அதே அளவு குடிக்கிறார். பித்தளைச் செம்பில் காலையில் ஊற்றி வைத்து, அவள் ஒரு மடக்குக் குடித்தால் இவர் ஒரு மடக்கு. கோடையில் வெடிக்கிற கரிசல் தரை வீட்டுச் சுவரையும் சேர்த்துப் பிளந்துவிடும். அவள் கட்டில் பக்கத்துச் சுவரில் பல்லி வராமலிருக்க, விரிசலில் பழைய தபால் உறைகளைச் சுருட்டித் திணித்து வைத்திருக்கிறார். இரவில் அவள் மூச்சு வாங்கினால் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவுவார். இதையெல்லாம் தன் கையாலேயே செய்கிறார்.

போன வியாழக்கிழமை காலை, மருத்துவமனையில் கொடுக்க வேண்டிய ஒரு படிவத்தை அச்செடுக்கப் போயிருந்தேன். வெளியே காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்தி, விளக்குப் போட்டிருந்தார். குப்பைப் பெட்டியின் பக்கம் திரையில் திறந்திருந்தது. ஒன்று என்று காட்டியது. தேதியைப் பார்த்தேன், அதற்கு மறுநாளோடு பதினைந்து.

சுந்தரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த அறைக்குள் அவள் வந்து நான் பார்த்ததில்லை.

"இங்கேருங்க. தீபா எழுதியிருக்காளாமே."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செல்வகணேஷை ஏசாதீங்க. அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கான். அவகிட்ட நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "கிட்னி தாரேன்னு எழுதுனாளாமே. எனக்கு அவ கிட்னி வேண்டாம். அவளை அறுத்துப்போட்டு நான் எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன். அவளைக் கூப்பிடவும் வேண்டாம். ஊரு கூடி உங்களை ஒண்ணும் கேக்க வேண்டாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் மடித்து வைத்த தூசித் தாள் ஓரம் துடித்தது.

"எழுதுனாளா, இல்லையா. அதை மட்டும் சொல்லுங்க. எம் பிள்ளை என்னை நெனைச்சாளா இல்லையான்னு தெரிஞ்சிட்டா எனக்குப் போதும். உங்க வாயால சொல்லுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எத்தனை காப்பி வேணும் தாயி?"

"ஒண்ணு போதும் அண்ணாச்சி" என்றேன்.

அச்சுப் பொறி இருமிவிட்டுத் தாளை இழுத்தது. பழைய இயந்திரம், ஒரு பக்கத்தைத் துப்ப நெடுநேரம் பிடிக்கும். வரிவரியாக வந்து, பாதியில் நின்று, மறுபடி வந்தது. சுந்தரம்மாள் தாள் முழுதாக வெளியே விழும்வரை நின்றாள். அவர் அதை எடுத்து, மை காய ஊதி, என்னிடம் நீட்டினார். பிறகு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுட்டியின்மேல் கை இருந்தது, விரல் அசையவில்லை.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளோடு வெளியே வந்து அவளுக்கு வழிவிட்டேன். ஆளில்லாத அறையை விட்டு வருகிறவளைப்போல, கதவோரப் பலகையில் முதலில் விளக்கையும் பிறகு மின்விசிறியையும் அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சுந்தரம்மாள் போனாள்.